கிராமப் பஞ்சாயத்துத் திட்டம்: வகுக்கும் முறையும் நிறைவேற்றும் முறையும்

சாகுபடியில் எந்த வேலையை எப்பொழுது செய்ய வேண்டுமென்று குடியானவர்களுக்கு ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. விதையைச் சேகரித்த பிறகே நாற்றங்கால் விடுவதும், சேறு கலக்கிச் சமப்படுத்திய பிறகே நடவு செய்வதும், உரத்தை அடியுரமென்றும் மேலுரமென்றும் பிரித்து இடுவதும் அவர்கள் பரம்பரையாக அறிந்த விஷயங்கள். வேலைகள் ஒவ்வொன்றும் நல்லவையாயினும் வரிசை தப்பினால் மகசூல் கிடையாது. ஆயினும், அதே குடியானவர்கள் கிராம சபையில் கூடி ஊர்ப் பொதுக் காரியங்களை யோசிக்கும்பொழுது இவ்வரிசையை மறந்துவிடுவதைப் பல இடங்களில் காண்கிறோம். ஒருவர் களத்துக்குச் சிமெண்டுத் தளம் கேட்கிறார். மற்றொருவர் ஏரியில் தூர் வார வேண்டுமென்கிறார். வேறொருவர் தம் தெருவுக்கு விளக்குக் கோருகிறார். யாவும் ஒரே தாளில் எழுதப்பட்டுத் திட்டமென்று பெயர் பெறுகின்றன. அது ஜாபிதாவேயன்றித் திட்டமாகாது.

திட்டமென்பது யாதெனில், கையிலுள்ள பணத்தையும் ஆளையும் காலத்தையும் கணக்கிட்டு, எதை முதலில் செய்வது, எதைப் பின்னர் செய்வது, எதை இவ்வாண்டு செய்யாமலே நிறுத்தி வைப்பது என்று முடிவு செய்து, ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாளியையும் தேதியையும் அளவையும் குறித்துக் கொள்வதேயாம். இதனை ஏரிப்பாசனமுள்ள ஒரு கிராமத்தை உதாரணமாகக் கொண்டு இவ்வியாசத்தில் விளக்குவோம்.

1. பஞ்சாயத்துக்குள்ள அதிகாரம்

1992ஆம் ஆண்டில் நிறைவேறி 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24ந் தேதி அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம், பஞ்சாயத்துக்களைச் சுய ஆட்சி ஸ்தாபனங்களாக அங்கீகரித்தது. பொருளாதார அபிவிருத்திக்கும் சமூக நீதிக்கும் உரிய திட்டங்களைத் தயாரிக்கும் அதிகாரத்தை அவற்றிற்கு மாநிலச் சட்டத்தின் மூலம் வழங்கலாமென்று அதன் 243ஜி பிரிவு கூறுகிறது. இதற்குரிய விஷயங்கள் பதினொன்றாவது அட்டவணையில் 29 ஆக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அவற்றுள் முதலாவது விவசாயம். இரண்டாவது நிலச் சீர்திருத்தமும் மண் பாதுகாப்பும். மூன்றாவது சிறு பாசனமும் நீர் நிர்வாகமும். குடியானவருக்கு வேண்டிய மூன்றும் பட்டியலின் தலையிலேயே இருப்பது கவனிக்கத் தக்கது. தமிழ் நாட்டில் இதற்கிணங்க 1994ஆம் வருஷத்திய ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது.

கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தேதிகளில் கூடுவது வழக்கமாக இருந்து, 2022ஆம் ஆண்டில் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய இரு தினங்களும் சேர்க்கப்பட்டன. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021-22 முதல் 2025-26 முடிய ஐந்தாண்டுகளுக்கு நாடெங்குமுள்ள ஊரக ஸ்தாபனங்களுக்கு 2,36,805 கோடி ரூபாய் சிபாரிசு செய்தது. அதில் 60 சதவிகிதம் சுகாதாரத்துக்கும், குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு முதலியவற்றுக்குமே செலவிடத் தக்கதென்றும், எஞ்சிய 40 சதவிகிதமே ஸ்தலத் தேவைகளுக்கு உரியதென்றும் நிபந்தனை விதிக்கப்பட்டது. எந்த மானியமாயினும், அதன் எப்பகுதி கட்டுண்டது, எப்பகுதி கட்டற்றது என்பதை விசாரித்தறிந்த பின்னரே திட்டம் எழுதத் தொடங்க வேண்டும். இதனை அறியாது எழுதிய திட்டம், மேலிடத்திலிருந்து திரும்பி வருவதிலேயே ஒரு பருவம் கழிந்துவிடும்.

2. நம் நாட்டுப் பழைய முறை

ஊரார் தாமே பொதுக் காரியங்களைப் பகுத்துக்கொண்டு நடத்துவது நமக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய வாரியங்களைக் குறிப்பிடுகின்றன. வாரியத்தார் குடவோலை மூலம் தெரிந்தெடுக்கப்பட்டு 360 நாட்கள் பணி புரிந்தனர். முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தெரிந்தெடுக்கப்படத் தகாதவர். அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இத்தடை உண்டு.

அச்சபை குறிப்பிட்ட அளவு நிலமும் கல்வியும் உடையவர்களுக்கே உரியதாயிருந்தது. இன்றைய கிராம சபையோ வாக்காளர் அனைவருக்கும் உரியது. இந்த வேற்றுமையை மறத்தலாகாது. எனினும், இன்ன வேலைக்கு இன்னார், இவ்வளவு காலம், முடிவில் கணக்கு என்னும் மூன்று விதிகளும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டப்பட்டிருப்பது நமக்குப் பாடமாகும்.

3. முதலில் உள்ள நிலையை அளக்க வேண்டும்

நோயறியாமல் மருந்திடலாகாது. திட்டம் எழுதுமுன் பஞ்சாயத்தார் ஏரியின் வரத்துக்கால் தொடங்கிக் கடைமடை வரையில் நடந்து பார்த்தல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள புலப்படமும் அடங்கலும் உடனிருத்தல் நலம். வரத்துக்காலில் எவ்விடத்தில் மண் மேடிட்டுள்ளது, எவ்விடத்தில் ஆக்கிரமிப்பு உள்ளது, கரை எங்கே தாழ்ந்துள்ளது, கலிங்கில் வெடிப்பு உண்டா, மதகின் கதவு முற்றும் அடைபடுகிறதா, சென்ற மூன்று பருவங்களில் எந்தப் புலங்கள் நீரின்றிக் கருகின என்பனவற்றை அவ்வப்பொழுதே எழுதிக்கொள்ள வேண்டும்.

மதகு அடைத்திருக்கும்பொழுதும் ஒழுகும் நீரை ஊரார் ‘கொஞ்சம் கசிகிறது’ என்று சொல்லிவிடுவார்கள். இதனை அளப்பது சுலபம். ஒரு தகட்டிலோ மெல்லிய பலகையிலோ செங்கோணமாக, அதாவது 90 பாகையில், முனை கீழ்நோக்கிய முக்கோண வாய் ஒன்றை வெட்டுக. மதகுக்குக் கீழேயுள்ள காலில் அதனைக் குறுக்கே நிறுத்தி, பக்கங்களிலும் அடியிலும் நீர் கசியாதபடி களிமண் அணைக்கவும். நீர் முழுவதும் அவ்வாயின் வழியாகத் தாராளமாகக் கீழே விழ வேண்டும். பலகையை ஒட்டி அளக்காமல், அதற்குச் சற்று மேற்புறத்தில் நீர் அமைதியாக நிற்குமிடத்தில், வாயின் அடிமுனைக்கு மேல் நீர் மட்டம் எவ்வளவு உயரம் என்று அளக்கவும். அதன்படி ஓட்டம் ஏறக்குறைய வருமாறு:

உயரம் 5 சென்டிமீட்டர்: விநாடிக்கு 0.8 லிட்டர்
உயரம் 10 சென்டிமீட்டர்: விநாடிக்கு 4.4 லிட்டர்
உயரம் 14 சென்டிமீட்டர்: விநாடிக்கு 10 லிட்டர்
உயரம் 20 சென்டிமீட்டர்: விநாடிக்கு 25 லிட்டர்

உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்து மடங்குக்கு மேல் ஆகிறதென்பதை இதிலிருந்து அறியலாம்.

4. எது முந்தியது? ஒரு கணக்கு

மதகில் விநாடிக்கு 10 லிட்டர் ஒழுகுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 864 கன மீட்டர். 100 நாட்களில் 86,400 கன மீட்டர் ஆகிறது. ஒரு போக நெல்லுக்கு மழை உட்பட ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டுமென்று கொண்டால், ஏக்கர் ஒன்றுக்குச் சுமார் 4,850 கன மீட்டர் தேவை. ஆகவே ஒழுகிப் போவது 17 ஏக்கருக்கு மேற்பட்ட நெற்பயிரின் முழு நீர்த்தேவையாகும். கால்வாயில் சேதப்படும் நீரைக் கழித்தும், மழை உதவும் பங்கைக் கூட்டியும் பார்த்தால் இத்தொகை சற்று மாறலாம். அளவின் தன்மை மாறாது.

இதே நீரைத் தூர் வாரிப் பெறுவதானால் என்ன வேண்டும்? ஒரு ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழம் மண்ணெடுத்தால் 43,560 கன அடி, அதாவது சுமார் 1,233 கன மீட்டர் இடமே கிடைக்கிறது. 86,400 கன மீட்டருக்கு 70 ஏக்கர் பரப்பில் ஓரடி மண்ணெடுக்க வேண்டும். ஏரி ஆண்டில் இருமுறை நிரம்புவதாயினும் 35 ஏக்கர் தோண்டியாக வேண்டும். ஒரு கதவையும் சிறிது கட்டு வேலையையும் செப்பனிடுவதற்கு ஆகும் செலவு எங்கே, இத்தனை மண்ணை வெட்டி ஏற்றும் செலவு எங்கே என்பதை வாசகர்களே சீர்தூக்கிக் கொள்ளலாம். ஒழுகும் நீரில் ஒரு பகுதி வயலுக்கு உதவுகிறதே என்று சிலர் கூறலாம். பயிருக்கு வேண்டாத காலத்தில் ஓடிப் பயிருக்கு வேண்டிய காலத்தில் இல்லாத நீர் பாசன நீராகாது.

இதனால் தூர் வாருதல் வீணென்று கருதலாகாது. வண்டல் மண் வயலுக்கு நல்லது. மேடிட்ட ஏரியில் தூரெடுப்பது அவசியமே. ஆனால் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டும் பள்ளத்தில் நிற்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது. அது கால்நடைக்கும் மீனுக்கும் ஊற்றுக்குமே பயன்படும். கரையின் அடியை ஒட்டித் தோண்டினாலோ கரைக்கே ஆபத்து. கலிங்கின் மட்டத்தை உயர்த்துவதும் அத்தகையதே. உள்வாயில் உள்ள பட்டா நிலங்கள் மூழ்குவதன்றிக் கரையும் பலங்குன்றும்.

ஆதலின் வேலைகளின் பொது வரிசையாவது: நீர் வரும் வழி முதலாவது, கரையும் கலிங்குமாகிய பந்தோபஸ்து இரண்டாவது, நீரை அடக்கும் மதகு மூன்றாவது, நீர் செல்லும் கால் நான்காவது, தூர் ஐந்தாவது. வரத்துக்கால் செம்மையாயுள்ள ஊரில் இரண்டாவதிலிருந்தும், அதுவும் செம்மையாயிருந்தால் மூன்றாவதிலிருந்தும் தொடங்கலாம். எவ்வூரில் எது என்பதை மேற்கூறிய அளவே தீர்மானிக்க வேண்டும். உரத்த குரல் தீர்மானிக்கலாகாது.

5. காலக் குறிப்பு

நம் மாகாணத்தின் மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் முடிய, பெய்கிறது. சர்க்கார் கணக்கு ஆண்டோ ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. இவ்விரண்டையும் பொருத்தாத திட்டம் நிறைவேறாது. 2018ஆம் ஆண்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், அக்டோபர் 2 முதல் டிசம்பர் 31 முடிய அடுத்த ஆண்டுத் திட்டத்தைக் கிராம சபை வகுக்க வேண்டுமென்று ஏற்பாடு செய்யப்பட்டது. ஏரிப்பாசன ஊர்களுக்கு இக்காலம் மிகவும் பொருத்தமானதே. ஏனெனில் ஏரியின் குறைகள் நீர் நிற்கும்பொழுதுதான் தெரியும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை ஒழுக்கையும் கரையின் தாழ்வையும் அளந்து கொள்க. ஜனவரி, பிப்ரவரியில் பொறியாளரைக் கொண்டு எஸ்டிமேட்டு தயாரிக்கச் செய்க. மார்ச்சுக்குள் அனுமதிக்குரிய காகிதங்கள் சென்றுவிட வேண்டும். ஏரி வற்றியதும், மே, ஜூன் மாதங்களில் கட்டு வேலையைத் தொடங்கி ஜூலைக்குள் முடித்தால், சிமெண்டு வேலை நன்கு நனைந்து இறுகப் போதிய நாள் கிடைக்கும். ஆகஸ்டில் கால் வெட்டு. செப்டம்பரில் கதவை ஏற்றி இறக்கிப் பரீட்சித்தல். எஸ்டிமேட்டு ஆகஸ்டில் எழுதப்படுமானால், வேலை மழைக்கு முன் அவசரமாக அரைகுறையாய் முடியும். அல்லது மழைக்குப் பின் தள்ளப்பட்டு, நெருங்கி வரும் மார்ச்சுக்காகப் பணம் வேறு வேலைக்குச் சென்றுவிடும். பல ஊர்களில் ‘பணம் வந்தது, வேலை நடக்கவில்லை’ என்று கூறப்படுவதன் காரணம் பெரும்பாலும் இந்த மாதக் கணக்கேயாம்.

6. இலாகாக்களை இணைத்தல்

ஏரி ஒன்றாயினும் அதனைக் கவனிக்கும் இலாகாக்கள் பல. 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கர், ஆயக்கட்டுக்கு மேற்பட்ட ஏரிகள் நீர்வள இலாகாவின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை பஞ்சாயத்து யூனியனைச் சேர்ந்தவை. ஆக்கிரமிப்பை அளந்து காட்டுவது வருவாய் இலாகா. மண்வளத்துக்கும் பயிர்த் திட்டத்துக்கும் விவசாய இலாகா. பண்ணைக் குட்டை முதலியவற்றுக்கு விவசாயப் பொறியியல் இலாகா. ஆகவே ‘ஏரி செப்பனிடத் தீர்மானிக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதிய தீர்மானம் ஒருவருக்கும் போய்ச் சேராது. மதகுக்கு ஒரு தீர்மானமும், ஆக்கிரமிப்பை அளப்பதற்கு மற்றொன்றுமாகத் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றிலும் உரிய அதிகாரியின் பதவியைக் குறிப்பிட்டு, நகலைத் தேதியுடன் அனுப்பி, பெற்றுக்கொண்ட ரசீதைக் கோப்பில் வைத்தல் வேண்டும். அடுத்த சபையில் முதல் விஷயமாக, முன் தீர்மானங்களுக்கு வந்த பதில் வாசிக்கப்பட வேண்டும். பதில் வராததும் வாசிக்கப்பட வேண்டும்.

அயல் மாநிலமாகிய கேரளத்தின் அநுபவம் இங்கே கருதத் தக்கது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ந் தேதி அங்கே தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவிகிதம் வரை ஸ்தல ஸ்தாபனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. கிராம சபைகளில் தேவைகள் கேட்டறியப்பட்டு, ஊரின் நிலைமை அறிக்கையாக எழுதப்பட்டு, துறைவாரிக் குழுக்களால் திட்டங்களாக வகுக்கப்பட்டன. அவற்றில் பலவும் எஸ்டிமேட்டுக் குறைவால் தடைப்படவே, ஓய்வு பெற்ற பொறியாளர்களையும் பிற நிபுணர்களையும் தொண்டர்களாகச் சேர்த்து அவற்றைச் சரிபார்க்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. நம் கிராமங்களிலும் ஓய்வு பெற்ற ஓவர்சீயர்களும் ஆசிரியர்களும் கணக்கறிந்தவர்களும் இல்லாமலில்லை. அவர்களுடைய உதவியைக் கோருவதில் செலவொன்றுமில்லை.

7. வேலை நடக்கும்பொழுது

திட்டத்தின் ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து குறிப்புக்கள் எழுதப்பட வேண்டும்: செய்ய வேண்டியது யாது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம் எந்தத் தலைப்பிலிருந்து, முடிந்ததென்பதற்கு அளவு யாது. ஐந்தாவதே பெரும்பாலும் விடப்படுகிறது. ‘மதகு பழுது பார்க்கப்பட்டது’ என்பது அளவன்று. ‘கதவு அடைத்தபின் முக்கோண வாயில் நீர் 14 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கியது’ என்பதே அளவு. அவ்வாறே, கால் வெட்டுக்கு நீளமும் அகலமும் ஆழமும்; கரைக்கு மேல்மட்டமும் மேலகலமும்.

ஆயக்கட்டுதாரர் இருவரும், அவர்களுள் ஒருவர் கடைமடைக்காரராகவும், வேலை நடக்கும் நாட்களில் முறைபோட்டு உடனிருத்தல் நலம். பொறியாளர் அளவுப் புத்தகத்தில் எழுதும் நாளில் அவர்களும் அங்கிருக்கலாம். வேலையின் பெயர், தொகை, தொடங்கிய தேதி ஆகியவை எழுதிய பலகை வேலைத் தலத்தில் இருத்தல் அவசியம். இவையெல்லாம் அதிகாரிகளைச் சந்தேகிப்பதற்காக அல்ல. நேர்மையாக வேலை செய்பவருக்கு இவையே காப்பாகும்.

8. பின்னர் காப்பாற்றுதல்

புதிதாகச் செய்த வேலைக்குத் திறப்பு விழா உண்டு. கதவுத் திருகாணிக்கு எண்ணெய் இடுவதற்கு விழா இல்லை. ஆயினும் ஏரியை வாழ வைப்பது பின்னதே. பழைய குடிமராமத்து முறையின்படி ஊரார் ஆண்டுதோறும் கால் வெட்டிக் கரை திருத்தி வந்தனர். 1858ஆம் வருஷத்திய சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இதனைச் சட்டத்தின் வலிமையால் நிலைநிறுத்த முயன்றது. பின்னர், 2000ஆம் ஆண்டில் பாசன முறைகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டம் தமிழ் நாட்டில் இயற்றப்பட்டு நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழி செய்தது. 2017ஆம் ஆண்டில் குடிமராமத்து மீண்டும் தொடங்கப்பட்டபொழுது, ஆயக்கட்டுதாரர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ பத்தில் ஒரு பங்கு தர வேண்டுமென்று விதிக்கப்பட்டது. பங்கு கொடுத்தவன் பாதுகாப்பான் என்பதே இதன் கருத்து.

எனவே திட்டத்தில் எந்தக் கட்டு வேலை சேர்க்கப்பட்டாலும், அதனைப் பின்னர் யார் காப்பது, ஆண்டுக்கு என்ன செலவு, அது எங்கிருந்து வரும் என்னும் மூன்று வரிகள் உடன் எழுதப்பட வேண்டும். அம்மூன்று வரிகளை எழுத முடியாத வேலையை அவ்வாண்டு எடுத்துக் கொள்ளாமலிருப்பதே புத்திசாலித்தனம்.

9. யாருக்காகத் திட்டம்?

நிலமுடையவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். தலைமடையில் நிலமும் கிணறும் உள்ளவருக்கு மதகு ஒழுகுவதால் பெரிய நஷ்டமில்லை. கிணற்றில் ஊற்றுங்கூடச் சிறிது பெருகலாம். நஷ்டம் முழுவதும் கடைமடைக்காரருடையது. அவர் பெரும்பாலும் சிறு நிலக்காரர். சபையில் பின்வரிசையில் நிற்பவர். பயிர் கருகினால் அவ்வயலில் களையெடுக்கவும் அறுக்கவும் இருந்த கூலிக்காரரும் வேலை இழக்கிறார். அரசியல் சட்டம் பொருளாதார அபிவிருத்தியோடு சமூக நீதியையும் சேர்த்துக் கூறியிருப்பது இக்காரணம் பற்றியே. ஆகவே எந்தத் திட்டத்தையும் நிறைவேற்றுமுன், கடைமடைக்காரரையும், பெண்களையும், நிலமில்லாதவர்களையும் தனித்தனியே கேட்டு, அவர்கள் கூறியதைச் சபைப் புத்தகத்தில் பதிவு செய்தல் வேண்டும். கடைசிப் புலத்துக்கு நீர் சென்றால் இடையிலுள்ள புலங்களுக்கும் சென்றதாகவே அர்த்தம். இதைவிட எளிய பரீட்சை வேறில்லை.

10. சுருக்கம்

(1) கேட்டவை யாவும் திட்டமல்ல, வரிசைப்படுத்தியதே திட்டம்.

(2) நீர் நிற்கும் காலத்தில் குறைகளை அளந்து எழுதிக் கொள்க.

(3) மானியத்தின் நிபந்தனையை முதலில் அறிக.

(4) கணக்கு ஆண்டையும் பருவ காலத்தையும் பொருத்தி மாதவாரியாகக் குறிப்பு எழுதுக.

(5) ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாளி, தேதி, பணம், முடிவளவு ஆகியவை இருத்தல் வேண்டும்.

(6) முன் தீர்மானங்களின் நிலையை ஒவ்வொரு சபையிலும் முதலில் வாசிக்க.

(7) காப்பாற்ற வழியில்லாத வேலையைத் தொடங்கற்க.

அடுத்த கிராம சபைக்கு இன்னும் நாளிருக்கும்பொழுதே, கிராமத்தார் நால்வர் ஒரு முக்கோணத் தகட்டுடன் மதகடிக்குச் சென்று அளந்து வருவாராயின், சபையில் அவர்கள் பேச வேண்டிய விஷயம் தானாகவே தெளிவாகிவிடும். தகடு வெட்டும் அளவுகளிலோ கணக்கிலோ ஐயமிருப்பின், அருகிலுள்ள விவசாய விரிவாக்க நிலையத்தாரை அணுகி விசாரித்துக் கொள்ளலாம்.